மெக்பி-2 புரதத்தை முதன்முதலாகக் கையாளுவோருக்கு: பார்சலிலிருந்து முதல் ஜெல் வரை

மறுசேர்க்கை முறையில், அதாவது மனித மரபணுவை வேறு உயிரணுக்களுக்குள் செலுத்தி, தயாரிக்கப்பட்ட மனித மெக்பி-2 (MeCP2) புரதத்தைக் கொண்டு நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளை ஆராயப்போகும் முதலாண்டு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், சிதம்பரம் என்று நம் டெல்டாவின் பல்கலைக்கழகங்களில் உயிர்வேதியியலும் உயிரித் தொழில்நுட்பமும் படித்து வருகிறவர்களுக்குப் பாடநூல் நன்றாகத் தெரியும். ஆனால் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள, கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடச் செய்யாத சில மைக்ரோகிராம் புரதம் மேசைக்கு வந்து சேரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. பால் கெட்டால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் புரதம் கெட்டால் நிறமும் மாறாது, வாடையும் வராது. ஆகவே அது வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பதை முதலில் நிறுவிவிட்டு, அதன் பிறகே அதைக் கொண்டு வேறொன்றை நிறுவ முற்பட வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் இந்த ஒரு தேவையிலிருந்து வருகின்றன.

எதற்காக இந்தப் புரதம்

வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட், கைகளை ஓயாமல் பிசைந்துகொண்டிருந்த சிறுமிகளைப் பற்றி 1966இல் எழுதினார். பிறந்து ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் வரை ஏறக்குறைய இயல்பாக வளரும் பெண் குழந்தை, அதன்பின் கற்ற சொற்களையும் பொருள்களைக் கையால் பற்றும் திறனையும் இழக்கத் தொடங்குவதே ரெட் நோய்க்குறியின் அடையாளம். ஏறத்தாழப் பத்தாயிரம் பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலானவர்களில் இதற்குக் காரணம் எக்ஸ் குரோமோசோமில் உள்ள மெக்பி-2 மரபணுவின் பிறழ்வுகள்தான் என்பதை ஹூதா சோக்பியின் ஆய்வுக்குழு 1999இல் கண்டறிந்தது.

அந்த மரபணு உருவாக்கும் புரதம் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. டிஎன்ஏயில் சைட்டோசினும் குவானினும் அடுத்தடுத்து வரும் இடங்களில், அதாவது சிபிஜி இடங்களில், சைட்டோசின் மீது மெத்தில் தொகுதி ஏறியிருந்தால் அங்கே போய்ப் பிணையும் புரதமாக ஏட்ரியன் பேர்டின் ஆய்வுக்குழு 1992இல் அதை விவரித்தது. நரம்பு உயிரணுக்களில் இந்தப் புரதம் மிக அதிகமாக இருக்கிறது. 2007இல் அதே குழுவினர், இந்த மரபணு முடக்கப்பட்டிருந்த சுண்டெலிகளில் அதை மீண்டும் இயங்கச் செய்தபோது, வளர்ந்த விலங்குகளிலும் நோயின் அறிகுறிகள் பெருமளவு பின்வாங்கின. அதே நேரத்தில், இந்த மரபணு இரட்டிப்பாகியிருக்கும் ஆண் குழந்தைகளுக்கும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடு வருகிறது. குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்பதால், இந்தப் புரதம் எங்கே, எவ்வளவு உறுதியாகப் பிணைகிறது என்பதை அளந்து பார்க்கும் எளிய சோதனைகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வகத்தில் இந்தப் புரதம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, குழந்தையின் மருத்துவ அறிக்கைகளோடு பெற்றோர் யாரேனும் உங்களைத் தேடி வரக்கூடும். அவர்களை உட்கார வைத்து, பொறுமையாக, சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்: குழாயில் இருப்பது ஆய்வுக்கான பொருள், மருந்து அன்று. மெக்பி-2 நரம்பு உயிரணுவின் உட்கருவுக்குள் வேலை செய்யும் புரதம் என்பதால் ஊசியின் வழியே உடலுக்குள் செலுத்தினால் அது மூளைக்குப் போய்ச் சேராது. பாக்டீரியாவில் தயாரான இந்தச் சரக்கு மனித உடலுக்கு ஏற்ற தூய்மையும் கொண்டதன்று. அமெரிக்காவில் 2023இல் ரெட் நோய்க்குறிக்கு ஒப்புதல் பெற்ற டிரோஃபினெடைடு என்ற மருந்து முற்றிலும் வேறான ஒரு சிறு மூலக்கூறு. அது மெக்பி-2 புரதத்துக்கு மாற்று அன்று. அவர்களைக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடமும் மரபணு ஆலோசகரிடமும் அனுப்பி வைப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

வாங்குவதற்கு முன்: தகவல் தாளை எப்படிப் படிப்பது

நிறுவனத்தின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு, எந்த வடிவம் என்று பாருங்கள். மெக்பி-2 மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்கள் வருகின்றன: 498 அமினோ அமிலங்கள் கொண்ட இ-1, 486 கொண்ட இ-2. மூளையில் மிகுதியாக இருப்பது இ-1. ஆனால் பிறழ்வுகளுக்கு எண்ணிடும் பழைய வழக்கம் இ-2 வடிவத்தைப் பின்பற்றுகிறது. ஆகவே கட்டுரைகளில் 158ஆம் இடத்துத் திரியோனின் என்று குறிக்கப்படுவது இ-1 வடிவத்தில் 170ஆம் இடத்தில் இருக்கும். எல்லா எண்களிலும் இந்தப் பன்னிரண்டு வேறுபாடு வரும். பிறழ்வுப் புரதம் வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால், கேட்டது ஒன்று, வந்தது மற்றொன்று என்று ஆகிவிடும்.

அடுத்து, முழுநீளப் புரதமா, ஒரு பகுதி மட்டுமா என்பது. மெத்தில் தொகுதியுள்ள டிஎன்ஏயைப் பற்றும் பகுதி ஏறத்தாழ 78 முதல் 162 வரையிலான அமினோ அமிலங்களில் அடங்கியிருக்கிறது. அந்தப் பகுதி மட்டும் தனியே கிடைக்கும்போது அது உறுதியாக மடிந்து, நன்றாகக் கரைந்து, சொன்னபடி கேட்கும். முழுநீளப் புரதமோ பாதிக்கு மேல் நிலையான மடிப்பே இல்லாத, கொடிபோல் அலையும் அமைப்புடையது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் அதை எளிதில் வெட்டிவிடும், குழாயின் சுவரிலும் அது எளிதில் ஒட்டிக்கொள்ளும். முதன்முதலாகத் தொடங்குகிறவர் பிணைப்புப் பகுதியை வைத்துக் கைப்பழக்கம் பெற்றுவிட்டு முழுநீளப் புரதத்துக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. செலவு சற்றுக் கூடும். ஆனால் விலையுயர்ந்த குழாயை வைத்துக் கற்றுக்கொள்வதைவிட அது சிக்கனம்.

எந்த உயிரணுவில் தயாரானது என்பதையும் பாருங்கள். ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரான புரதத்தில், நரம்பு உயிரணுவில் அதன்மேல் ஏறும் பாஸ்பேட் தொகுதிகள் இருப்பதில்லை. டிஎன்ஏயோடு பிணைவதைப் பார்க்க அது போதும். பாஸ்பேட் ஏறுவதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் பூச்சி உயிரணுவிலோ மனித உயிரணுவிலோ தயாரானதைத் தேட வேண்டும். புரதத்தைப் பிரித்தெடுக்க வசதியாக அதன் முனையில் வால்போல் ஒரு துண்டை இணைத்திருப்பார்கள். ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களாலான ஹிஸ் வால் சிறியது, தொந்தரவு குறைவு. ஜிஎஸ்டி வால் 26 கிலோடால்டன் எடையுள்ளது, இரண்டிரண்டாகச் சேரும் இயல்புமுடையது. ஆகவே பிணைப்பின் உறுதியை அளக்கும் சோதனைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. தாளில் தூய்மை இத்தனை விழுக்காடு என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, புரதங்களை மின்சாரத்தால் எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். புரதத்தை வாங்காமல் நீங்களே ஈ. கோலையில் தயாரிக்கப் போகிறீர்கள் என்றால், வேலையைத் தொடங்கும் முன் உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் தெரிவித்து அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பார்சல் வரும் வழி

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ உலர்பனியில் வைத்து அனுப்பப்படும் பெட்டி, டெல்டாவின் ஊர்களுக்கு வந்து சேர்வதற்குள் ஒரு இரவாவது வண்டியில் கழியும். திங்கள் அல்லது செவ்வாயன்று அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளியன்று புறப்பட்ட பெட்டி ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத கூரியர் அலுவலகத்தில் கிடக்கும். பொங்கலும் தீபாவளியும் வரும் வாரங்களில் வரவழைக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் உலர்பனி விரைவாகக் கரைந்து ஆவியாகும் என்பதால், கூடுதல் பனி வைக்கும்படி கேட்பதில் தயக்கம் வேண்டாம். பெறுபவர் என்ற இடத்தில் பேராசிரியரின் பெயரோடு, அன்றைக்கு ஆய்வகத்தில் இருக்கப்போகிறவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பெட்டி நுழைவாயில் காவலரின் அறையில் மாலைவரை உட்கார்ந்திருப்பது இதனால் தவிரும்.

பெட்டி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது உள்ளே பனி மீதியிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வைப்பது. உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். தடித்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது கரிமில வாயுவாக மாறும் பொருள் என்பதால் சன்னல் திறந்திருக்கும் அறையில்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஏசி போட்டுக் கதவடைத்த சிறிய அறையில் பிரிப்பது ஆபத்தானது. பனி முழுவதும் தீர்ந்து குழாய் உருகியிருந்தால், அதைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்ற ஆசையை விட்டுவிட்டு அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

குழாயைத் திறப்பதும் பங்கு பிரிப்பதும்

மெக்பி-2 பெரும்பாலும் உப்பும் கிளிசராலும் கலந்த பஃபரில், அதாவது அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில், உறைந்த நிலையில் வரும். சில சமயம் உலர்த்திய பொடியாகவும் வரும். எப்படி வந்தாலும், மூடியைத் திறக்கும் முன் குளிர்ந்த சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுழற்றி எடுங்கள். பயணத்தில் குலுங்கிய குழாயின் மூடியின் உட்புறத்தில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கலாம். நூறு மைக்ரோலிட்டர் மட்டுமே இருக்கும் குழாயில் அந்த ஒரு துளி பத்தில் ஒரு பங்காக இருந்துவிடும். உலர்ந்த பொடியானால் குழாயின் அடியில் மெல்லிய வெண்படலம் தெரியலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். தெரியவில்லை என்பதற்காகக் காலிக் குழாய் என்று எண்ண வேண்டாம். தாளில் சொன்ன நீரையோ பஃபரையோ சுவரின் வழியே மெதுவாக விட்டு, பத்து நிமிடம் பனியில் வைத்து, குழாயை விரலால் மெல்லத் தட்டிக் கரையுங்கள். வேகமாகக் குலுக்கும் வோர்டெக்ஸ் கருவியில் வைக்கவே கூடாது. நுரை எழுந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் புரதம் குலைந்து திரளும்.

உறைந்த குழாயை உள்ளங்கைச் சூட்டில் உருக்காமல் பனியில் வைத்து உருகவிடுங்கள். உருகியதும் அன்றே, அப்போதே, சிறு பங்குகளாகப் பிரித்துவிட வேண்டும். கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 50 மைக்ரோகிராம் புரதம், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் செறிவில் வந்திருந்தால், மொத்தம் 100 மைக்ரோலிட்டர். இ-2 வடிவத்தின் எடை ஏறத்தாழ 52.4 கிலோடால்டன் என்பதால் இந்தச் செறிவு ஏறத்தாழ 9.5 மைக்ரோமோலார் ஆகும். ஒரு நாள் சோதனைக்கு 3 மைக்ரோலிட்டர் போதும் என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம். ஆகவே 5 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்தால் பதினெட்டு, பத்தொன்பது குழாய்கள் கிடைக்கும். புரதம் ஒட்டாத வகைக் குழாய்களையே வாங்குங்கள். சாதாரணக் குழாயில் இவ்வளவு சிறிய அளவு வைத்தால், குறிப்பிடத்தக்க பங்கு சுவரிலேயே தங்கிவிடும்.

பங்குகளை விரைந்து உறைய வைக்க வேண்டும். திரவ நைட்ரஜன் சிறந்தது. உங்கள் ஆய்வகத்தில் அது இல்லையென்றால், மாடுகளுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மையங்கள் திரவ நைட்ரஜன் கலன்களை வைத்திருக்கும். அவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தால் உங்கள் வட்டாரத்தில் அதைக் கொடுப்பவர் யார் என்று தெரிந்துவிடும். அதுவும் இயலாவிட்டால், பார்சலில் மிஞ்சிய உலர்பனியைப் பொடித்து அதற்குள் குழாய்களைப் புதைத்து உறைய வைக்கலாம். பிறகு மைனஸ் 80 ஃப்ரீசர். ஒருமுறை உருக்கிய பங்கை மீண்டும் உறைய வைக்காமல் அன்றைய வேலை முடிந்ததும் எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் புரதத்தின் பெயர், வடிவம், செறிவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்), பிரித்த தேதி ஆகியவை ஃப்ரீசரில் அழியாத மையால் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் பகுதியில், அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம், நிலத்தடி நீரில் உப்பு அதிகம். அந்த நீரை நேரே எடுத்துக்கொள்ளும் சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டிகள் விரைவில் தேய்ந்துவிடும். பஃபர் கலக்கும் நாளில் இயந்திரத் திரையில் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் காட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏ பிணைப்பு உப்பின் அளவைப் பொறுத்து மாறும் வினை என்பதால், கவனிக்காமல் நீரோடு வரும் உப்பு முடிவைத் திருப்பிவிடும்.

முதல் சோதனை: வந்தது அதுதானா

ஒரு பங்கிலிருந்து 1 மைக்ரோலிட்டரை, அதாவது அரை மைக்ரோகிராமை, எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் சேர்த்த 10 விழுக்காடு ஜெல்லில் ஓட்டி, கூமாசி நீலத்தில் சாயமேற்றிப் பாருங்கள். இங்கே பலர் திகைத்துப்போவார்கள்: 52 கிலோடால்டன் எடையுள்ள புரதம் 70 முதல் 75 கிலோடால்டன் அடையாளத்துக்கு அருகில் நிற்கும். தவறான பொருளை அனுப்பிவிட்டார்கள் என்று நிறுவனத்தோடு சண்டைக்குப் போக வேண்டாம். நேர்மின்னேற்றம் மிகுந்த, மடிப்பற்ற பகுதிகள் நிறைந்த இந்தப் புரதம் எஸ்டிஎஸ் ஜெல்லில் மெதுவாகவே நகரும். முழுநீள மெக்பி-2இன் இயல்பே அதுதான். நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்குக் கீழே ஏணிப்படிகள்போல் வரிசையாகத் தெரியும் சிறு பட்டைகளைப் பார்த்து. அவை புரதம் வெட்டுண்டு சிதைந்திருப்பதைக் காட்டுகின்றன. மேலே, குழியின் வாயிலேயே நீலம் தேங்கியிருந்தால் புரதம் திரண்டிருக்கக்கூடும். புதிய லாட் வந்த நாளில் எடுத்த ஜெல்லின் படத்தைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பங்கை எடுத்து ஓட்டி அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செறிவை நீங்களே அளக்க விரும்பினால் இரண்டு எச்சரிக்கைகள். இந்தப் புரதத்தில் டிரிப்டோபான் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது; ஆகவே 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சுதல் குறைவாக இருக்கும், சிறிதளவு டிஎன்ஏ கலந்திருந்தாலும் கணக்கு தவறிவிடும். 260இல் வரும் அளவை 280இல் வரும் அளவால் வகுத்தால் தூய புரதத்துக்கு ஏறத்தாழ 0.6 வர வேண்டும்; 1ஐத் தாண்டினால் பாக்டீரியாவின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள். டிஎன்ஏயைப் பற்றுவதே தொழிலாகக் கொண்ட புரதத்துக்கு இது அடிக்கடி நேரும், அப்படி வந்த லாட் பிணைப்புச் சோதனைக்கு ஆகாது. புரதத்தோடு சேர்ந்து நிறம் மாறும் பிராட்ஃபோர்ட் சாயமோ ஆர்ஜினின், லைசின் ஆகியவற்றோடு பிணைவது. அவை மிகுந்த இந்தப் புரதத்தை பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதத்தோடு ஒப்பிட்டு அளக்கும்போது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஜெல்லில் தெரிந்த அளவுள்ள பிஎஸ்ஏயைப் பக்கத்துத் தடங்களில் ஓட்டி ஒப்பிடுவதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

இரண்டாம் சோதனை: அது வேலை செய்கிறதா

ஜெல் நகர்வுச் சோதனையின் தத்துவம் எளியது. சிறிய டிஎன்ஏ துண்டு ஜெல்லில் வேகமாக ஓடும்; புரதம் பிடித்துக்கொண்டால் மெதுவாக ஓடி மேலே நிற்கும். அந்தத் துண்டை, அதாவது புரோப் டிஎன்ஏயை, எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முப்பது, நாற்பது இணைகள் நீளமுள்ள துண்டில் நடுவே ஒரே ஒரு சிபிஜி இடம் இருக்கட்டும். அதற்கு அருகே அடினினும் தைமினும் மட்டும் தொடர்ந்து நான்கு அல்லது அதற்கு மேல் வரும் வரிசை இருக்கட்டும். அத்தகைய வரிசை பக்கத்தில் இருந்தால் மெக்பி-2 உறுதியாகப் பற்றும். இரு இழைகளிலும் சைட்டோசின் மெத்திலேற்றப்பட்ட துண்டு ஒன்றும், அதே வரிசையில் மெத்தில் இல்லாத துண்டு ஒன்றும் வாங்குங்கள். சிபிஜி இடத்தைச் சுற்றி சிசிஜிஜி என்ற வரிசை வரும்படி அமைத்தால் கூடுதல் நன்மை உண்டு: எச்பிஏ-2 என்ற வெட்டு நொதி மெத்தில் இல்லாத துண்டை மட்டுமே வெட்டும், எம்எஸ்பி-1 இரண்டையும் வெட்டும். ஆகவே புரோப் உண்மையிலேயே மெத்திலேற்றப்பட்டதுதானா என்பதை அரை நாளில் சரிபார்த்துவிடலாம்.

புரோப்பின் ஒரு முனையில் சை-5 ஒளிர்சாயம் இருந்தால் ஸ்கேனரில் நேரே பார்க்கலாம். அதை அலுமினியத் தாளில் சுற்றி வெளிச்சம் படாமல் வையுங்கள். ஸ்கேனர் இல்லாத ஆய்வகங்களில் சாயமற்ற புரோப்பைப் பயன்படுத்தி, ஓட்டி முடித்தபின் டிஎன்ஏயை ஒளிரச் செய்யும் சைபர் கோல்டு சாயத்தில் ஊற வைத்துப் பார்க்கலாம். அதற்குப் புரோப்பின் செறிவை 20 நானோமோலார் அளவுக்கு உயர்த்த வேண்டியிருக்கும் என்பதால், பிணைகிறதா இல்லையா என்று காண முடியுமே தவிர, பிணைப்பின் உறுதியைக் காட்டும் பிணைப்பு மாறிலியைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது.

இனி வினை. புரதத்திலிருந்து 2 மைக்ரோலிட்டர் எடுத்து, 17 மைக்ரோலிட்டர் நீர்ப்புப் பஃபரில் கலந்தால் 1 மைக்ரோமோலார் செறிவு கிடைக்கும். இந்தப் பஃபரில் 150 மில்லிமோலார் உப்பும், 10 விழுக்காடு கிளிசராலும், மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பிஎஸ்ஏயும், புரதத்தை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்கும் டிடிடி 1 மில்லிமோலாரும் இருக்கட்டும். அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை எடுத்து அதே பஃபரின் 10 மைக்ரோலிட்டரோடு கலப்பது, அதிலிருந்து மீண்டும் 10 எடுத்து அடுத்ததில் கலப்பது என்று பாதி பாதியாக ஐந்து முறை இறங்குங்கள். ஒவ்வொரு வினைக் குழாயிலும் ஐந்து மடங்குச் செறிவுள்ள பிணைப்புப் பஃபர் 4, நீர் 10, போட்டி டிஎன்ஏ 1, புரோப் 1, நீர்த்த புரதம் 4 என மொத்தம் 20 மைக்ரோலிட்டர். இறுதிச் செறிவுகள் 200 நானோமோலாரில் தொடங்கி 6.25 வரை இறங்கும். புரதம் இல்லாத குழாயிலும் நீர்ப்புப் பஃபர் 4 மைக்ரோலிட்டர் கட்டாயம் சேர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குழாயில் மட்டும் உப்பு குறைந்து, ஒப்பீடு செல்லாததாகிவிடும்.

போட்டி டிஎன்ஏ என்பது, வரிசை பாராமல் ஒட்டும் புரதத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதற்காகச் சேர்க்கும் டிஎன்ஏ. அதற்குச் செயற்கை டிஎன்ஏயான பாலி டிஐ-டிசி வைத்து, குழாய்க்கு 100 நானோகிராமில் தொடங்குங்கள். முழுநீள மெக்பி-2, மெத்தில் இல்லாத டிஎன்ஏயோடும் ஓரளவு பிணையவே செய்யும். போட்டி டிஎன்ஏ குறைந்தால் இரண்டு புரோப்புகளும் ஒன்றுபோலவே நகர்ந்து உங்களைக் குழப்பிவிடும்.

வினை அறைவெப்பத்தில் அரை மணி நேரம் என்று எழுதியிருப்பதை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்கழியில் நம் அறைவெப்பமும் அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றுபோன அறையின் வெப்பமும் ஒன்றல்ல. 25 டிகிரி என்று நிலைநிறுத்திய சூட்டுத் தட்டிலோ நீர்த்தொட்டியிலோ வையுங்கள். குறிப்பேட்டில் அறைவெப்பம் என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள்.

எஸ்டிஎஸ் சேர்க்காத 6 விழுக்காடு பாலிஅக்ரிலமைடு ஜெல்லை, அரைச் செறிவு டிபிஇ பஃபரில், குளிரறையில் 100 வோல்ட்டில் அரை மணி நேரம் வெறுமனே ஓட்டிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஒவ்வொரு குழியையும் பஃபரால் கழுவுங்கள். இறுகாத அக்ரிலமைடு குழியின் அடியில் தேங்கியிருந்தால் பட்டை கோணலாக ஓடும். வினைக் கலவையில் கிளிசரால் இருப்பதால் அதுவே அடியில் இறங்கும். டிப்பின் நுனியைக் குழியின் அடியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே வைத்து மெதுவாக விட்டால், நிறமற்ற திரவம் சர்க்கரைப் பாகு தண்ணீரில் இறங்குவதைப்போல நெளிந்து கீழே படிவதை விளக்கொளியில் காணலாம். நீலச் சாயத்தை வினைக்குழாய்களில் சேர்க்காமல், ஓரத்துக் காலிக் குழியில் மட்டும் ஏற்றுங்கள். ஓட்டம் எங்கே வந்திருக்கிறது என்று காட்ட அது போதும், பிணைப்பைக் கலைக்கவும் செய்யாது.

முடிவைப் படிக்கும்போது இவற்றைப் பாருங்கள். மெத்திலேற்றிய புரோப் குறைந்த செறிவிலேயே மேலே நகர்ந்து, மெத்தில் இல்லாதது அதிகச் செறிவில் மட்டும் நகர்ந்தால், உங்கள் புரதம் நன்றாக இருக்கிறது. இரண்டுமே நகராவிட்டால் புரதம் செயலிழந்திருக்கலாம். முதலில் புரோப்பின் இரு இழைகளும் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, புதிய பங்கை எடுத்து மீண்டும் செய்யுங்கள். இரண்டும் சமமாக நகர்ந்தால் போட்டி டிஎன்ஏயைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அதிகச் செறிவில் ஒளிர்வு முழுவதும் குழியிலேயே நின்றுவிட்டால், ஒரே துண்டில் பல புரதங்கள் ஏறியிருக்கின்றன அல்லது புரதம் திரண்டிருக்கிறது. அந்தச் செறிவுகளைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். கடைசியாக, சாயமற்ற புரோப்பை ஐம்பது மடங்கு கூடுதலாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெத்திலேற்றிய சாயமற்ற துண்டு பிணைப்பைக் கலைக்க வேண்டும். மெத்தில் இல்லாத துண்டு அவ்வளவு கலைக்கக் கூடாது. இந்த இரண்டு தடங்கள் இல்லாத படத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

மின்சாரம் போகும் நாட்கள்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இப்படி நேரலாம் என்பதை நாம் கணக்கில் வைத்தே ஆக வேண்டும். பங்குகளில் பாதியை வேறொரு கட்டடத்தின் ஃப்ரீசரில், முடிந்தால் வேறொரு ஊரின் நட்பு ஆய்வகத்தில் வையுங்கள். ஃப்ரீசரின் காலி இடங்களைக் குளிர்ப்பொதிகளால் நிரப்பினால் மின்சாரம் போனபின்பும் குளிர் நீடிக்கும். புயல் எச்சரிக்கை வந்த நாளிலேயே ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் என்ன ஆயிற்றோ என்று கதவைத் திறந்து பார்ப்பதுதான் மிகப் பெரிய கேடு. திரும்பி வந்த பிறகு, ஃப்ரீசருக்குள் வைத்திருந்த வெப்பநிலைப் பதிவுக் கருவி மைனஸ் 40க்கு மேல் காட்டியிருந்தால், அதிலிருந்த பங்கு ஒன்றை மேற்சொன்ன இரண்டு சோதனைகளுக்கும் உட்படுத்தி, வேறிடத்தில் வைத்த பங்கோடு ஒரே ஜெல்லில் ஒப்பிட்ட பிறகே மற்றவற்றைப் பயன்படுத்துங்கள்.

பிறழ்வுப் புரதங்களுக்குப் போகும்போது

இயல்பான புரதம் மூன்று தனித்தனி நாட்களில் ஒரே மாதிரியான முடிவைத் தந்தபின் பிறழ்வுப் புரதங்களைத் தொடங்கலாம். முதலில் எடுக்க வேண்டியது, இ-2 கணக்கில் 106ஆம் இடத்து ஆர்ஜினின் டிரிப்டோபானாக மாறிய புரதம். அந்த மாற்றம் பிணைப்புப் பகுதிக்குள்ளேயே இருப்பதால் மெத்திலேற்றிய டிஎன்ஏயைப் பற்றும் திறன் பெரிதும் போய்விடும். உங்கள் சோதனை வேறுபாட்டைக் காட்ட வல்லதா என்பதற்கு அது நல்ல உரைகல். 158ஆம் இடத்துத் திரியோனின் மெத்தியோனினாக மாறிய புரதம், ரெட் நோய்க்குறியில் அடிக்கடி காணப்படும் பிறழ்வுகளில் ஒன்று. அதன் பிணைப்பு குறைவதோடு புரதமே நிலையற்றதாகிறது. ஆகவே அதைக் கையாளும்போது எஸ்டிஎஸ் ஜெல்லை ஒவ்வொரு சோதனையோடும் சேர்த்தே ஓட்டுங்கள்; பிணைப்பு குறைந்ததா, புரதமே குறைந்ததா என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

306ஆம் இடத்து ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறிய புரதத்தில் மட்டும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். அது மெத்திலேற்றிய டிஎன்ஏயோடு நன்றாகவே பிணையும். அதைக் கண்டு சோதனை தவறிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே அறுந்துபோவது, மரபணுக்களை அடக்கி வைக்கும் என்-கோர் என்ற புரதக் கூட்டத்தோடு மெக்பி-2 வைத்திருக்கும் தொடர்பு. ஒரு குழந்தையின் நோய்க்கு அந்தத் தொடர்பின் இழப்பே போதுமான காரணமாகிறது. அதைப் பார்க்க டிஎன்ஏ புரோப் உதவாது. ஹிஸ் வாலுள்ள மெக்பி-2ஐ நிக்கல் மணிகளில் கட்டி, என்-கோர் கூட்டத்தைச் சேர்ந்த டிபிஎல்-1 அல்லது டிபிஎல்ஆர்-1 புரதத்தை அதன்மேல் ஊற்றி, கழுவியபின் எது தங்கியிருக்கிறது என்று பார்க்கும் இழுவைச் சோதனையை அமைக்க வேண்டும். அதற்கான இரண்டாவது புரதத்தை வாங்கும்போது, அதில் ஹிஸ் வால் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் ஹிஸ் வால் இருந்தால் இரண்டுமே நேரே மணிகளில் ஒட்டிக்கொள்ளும்.